ஆறு ஏக்கர் நட்சத்திரம்

பங்குனி மாதத்து உச்சி வேளையில், ஆவுடைவிளை ஊரே சோற்றைத் தின்றுவிட்டுத் துண்டைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்த நேரத்தில், ஊருக்குக் கிழக்கே தேரிக்காட்டில் சுயம்புக்கனியின் ஆறு ஏக்கர் விளையில் ஒரு கிழட்டு நட்சத்திரம் வந்து இறங்கியது. இறங்கியது என்றால் விழவில்லை, இடிக்கவில்லை, பள்ளம் பறிக்கவில்லை. வெகுதூரம் நடந்து வந்த பெரிய உடம்புக்காரர் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் பைய உட்காருவதைப் போல, இருநூற்றுப் பன்னிரண்டு கொல்லாமரங்களுக்கு நடுவே கிடந்த வெட்டவெளியில் உட்கார்ந்து, நீளமாக ஒரு மூச்சு விட்டது. அந்த மூச்சில் மரத்தடியில் கிடந்த சருகெல்லாம் எழுந்து வேலிப் பக்கமாகப் போய் நின்றுகொண்டன.

தேரியைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. அது கடலுக்குப் பக்கத்தில் கிடக்கும் செம்மணல் மேடு. மிளகாய்ப்பொடியைக் கொட்டி வைத்த நிறம். ஆடிக்காற்று வந்தால் எழுந்து நடக்கும். போன வருஷம் வாசலாக இருந்த இடம் இந்த வருஷம் மேடாக இருக்கும். எத்தனை குடம் ஊற்றினாலும் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொள்ளும். அதில் ஆறு ஏக்கரைச் சீதனமாகக் கொடுத்தபோது சிரிக்காத ஆள் ஊரில் இல்லை. சுயம்புக்கனி யாருக்கும் பதில் சொல்லவில்லை. தலையில் ஒன்று இடுப்பில் ஒன்றாகப் பதினோரு வருஷம் குடம் சுமந்து கொல்லாமரம் வளர்த்தாள். வெளியூர்க்காரர்கள் அதை முந்திரி என்பார்கள், விளையைத் தோட்டம் என்பார்கள். அந்த மரங்கள் காய்த்த கொட்டையில்தான் இரண்டு பெண்களையும் நர்சிங் படிக்க வைத்துக் கட்டிக் கொடுத்தாள், சிரித்தவர்கள் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

நட்சத்திரம் வந்தபோது அவள் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். தெப்பக்குளம் அகலத்துக்குச் சிவந்து, உப்பி, ஓரம் எது காற்று எது என்று தெரியாதபடி ததும்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சூடு இருந்தது, ஆனால் சுடவில்லை. பக்கத்தில் நின்றால் நெல் அவிக்கும் கொப்பரைக்குப் பக்கத்தில் நிற்பது போல் இருந்தது. வந்தவர் யாராக இருந்தாலும் முதலில் தண்ணீர் என்பது அவள் வளர்ப்பு. செம்பில் மோந்துகொண்டு போய் எட்டும் தூரத்தில் வைத்தாள்.

"குடிங்க பெரியவரே. எங்க இருந்து வாரீரோ, இப்பிடி வாடிப் போயிருக்கீரு" என்றாள்.

அன்று சாயங்காலம் பஞ்சாயத்து ஆபீஸ் தகரக் கொட்டகையில் ஊர் கூடியது. நட்சத்திரம் எப்படி வந்தது, ஏன் வந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. வந்தவர்களைப் பார்த்து ஏன் வந்தாய் என்று கேட்கிற ஊர் அது இல்லை. கேள்வியெல்லாம் யார் பொறுப்பு என்பதுதான். அதற்கு ஆவுடைவிளையில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. கோடையில் கீதாரிகள் ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்து யார் நிலத்திலாவது கிடை போடுவார்கள். கிடையின் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்காரருக்கு உரமாகும். ஆனால் கிடையில் இருந்து ஓர் ஆடு தாண்டிப் போய் அடுத்தவன் கீரைப்பாத்தியைக் கடித்தாலும் பதில் சொல்ல வேண்டியது கீதாரி இல்லை, நிலத்துக்காரர்தான். நட்சத்திரத்துக்கென்று தனிச் சட்டம் கையில் இல்லாததால் ஊர் அதைக் கிடைக் கணக்கில் சேர்த்தது.

தலைவர் சிங்கத்துரை தொண்டையைக் கனைத்தார். நல்ல மனிதர்தான், ஆனால் மைக் இல்லாத இடத்திலும் மைக் இருப்பதாக நினைத்துப் பேசுவார். "எக்கா, உன் விளையில எறங்கியிருக்கு. ஊருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீதான் பதில் சொல்லணும். சம்மதமா?"

சுயம்புக்கனி எழுந்து நின்றாள். பின்னால் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் தங்கப்பழம் முந்தானையைப் பிடித்து இழுத்தார். ரேடியோ செட் வாடகைக்கு விடுகிறவர்; ஊரையே அலற வைக்கிற குழாய்களுக்குச் சொந்தக்காரராக இருந்துகொண்டு தான் மட்டும் தணிந்து பேசுவார். "யோசிச்சிச் சொல்லு, ஏட்டி" என்றார்.

"என்னத்த யோசிக்கது? என் விளையில உள்ளதுக்கு நான் பொறுப்பு. ஊருல ஒருத்தருக்கும் ஒரு கீறல் விழாது. எழுதிக்கிடுங்க." எழுத யாரிடமும் பேனா இல்லை. ஆனால் எல்லோரும் கேட்டார்கள், அது எழுதினதற்கு மேல்.

நட்சத்திரம் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தது. எந்தத் திசையில் போய் நின்றாலும் காற்று அதனிடமிருந்துதான் வந்தது. கிழக்கே நின்றால் மேல்காற்று, மேற்கே நின்றால் கீழ்க்காற்று, நடுவில் அது. ஒரு வாரத்துக்குள் ஊரின் துணிக்கொடிகளெல்லாம் விளைக்கு இடம் மாறின. காலையில் பிழிந்து போட்ட போர்வை கடைசிச் சொட்டு வடிவதற்குள் காய்ந்தது. கடற்கரையில் இருந்து மீன்காரப் பெண்கள் கூடை கூடையாகச் சாளையைக் கொண்டுவந்து விரித்தார்கள், அரைநாளில் கருவாடு. வற்றல் போட்டார்கள், வடகம் போட்டார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் அப்பளக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கறிக்குழம்பு வைக்கிற வீட்டுக்காரி, "மைனி, விருந்தாளி முகத்துல கொஞ்சம் மல்லிய காட்டிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனால் அது யாருக்கும் விநோதமாகத் தோன்றாத அளவுக்கு, சித்திரை முடிவதற்குள் ஊர் பழகிப்போனது.

பழகாத ஒன்று மணல்தான். நட்சத்திரத்தின் மூச்சு தன்னைச் சுற்றிக் கிடந்த செம்மணலை நாளுக்கு ஒரு முழம் வெளியே தள்ளியது. தள்ளின மணல் தூரத்தில் வட்டமாகக் குவிந்து முழங்கால் உயரமானது, இடுப்பு உயரமானது, ஆள் உயரமானது. மணலோடு மரங்களும் நகர்ந்தன. வேரைச் சேலைக் கொசுவம் போலக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, ஒரு இலையும் உதிராமல், ஒரு பிஞ்சும் கொட்டாமல், நாளுக்கு ஒரு சாண் வெளியே போய், கடைசியில் இருநூற்றுப் பன்னிரண்டும் மணல் மேட்டின் வெளிப்பக்கத்து அடியில் திருவிழாக் கூட்டம் போல வட்டமாக நெருங்கி நின்றன. காவல் குடிசையும் நகர்ந்தது. அதற்குள் அடுப்பில் இருந்த காப்பி தளும்பவில்லை என்று சுயம்புக்கனி பிறகு சொன்னாள். நடுவில் நட்சத்திரமும் துடைத்துவிட்ட வெறும் தரையும் மட்டும் மிச்சம்.

அதற்குள் இன்னொரு பேச்சு கிளம்பிவிட்டது. நட்சத்திரம் மெலிகிறது என்றார்கள். மாதம் ஒருமுறை வீடு வீடாகச் சத்து மாத்திரை கொடுக்கிற உள்ளூர் நர்ஸ் ஜெபமலர்தான் முதலில் கவனித்தாள். போன மாதம் அதன் குறுக்களவு நாற்பது தப்படி இருந்தது, இந்த மாதம் முப்பத்தொன்றுதான் என்று நடந்து காட்டினாள். சுகராக இருக்கும் என்றது ஒரு கட்சி, குடலில் பூச்சி என்றது ஒரு கட்சி. கேப்பைக்கூழ் வந்தது, கருப்பட்டி போட்ட உளுந்தங்களி வந்தது, அம்மன் கோயில் திருநீறு ஒரு பக்கமும் மாதா கோயில் எண்ணெய் மறு பக்கமும் வந்தன. நட்சத்திரம் எதையும் தொடவில்லை; கூழ்ப்பானையைக்கூட ஒரு சாண் ஒரு சாணாக வெளியே தள்ளி மேட்டடியில் வைத்துவிட்டது.

"சீக்கு இல்ல எக்கா" என்றாள் ஜெபமலர், மூன்றாம் மாதம். "வெங்காயம் உரியுத மாதிரி உரியுது. பாத்தியளா, முதல்ல வெறும் காத்தா வந்திச்சி. இப்பம் பொடி வருது. ஒவ்வொரு தொலியும் ஒவ்வொரு தினுசு."

"பெரிய உடம்பு. வச்சிக் காப்பாத்த ஏலாது. குடுத்துத்தான் தீக்கணும்" என்றாள் சுயம்புக்கனி. தன் மாமனார் சாகிற வருஷம் கைக்கடிகாரம் முதல் செருப்பு வரை எல்லாவற்றையும் ஆளாளுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு நடந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.

பொடி வந்தது. அது சாம்பல் நிறமாய், மாவுச் சலிப்பு போல நைஸாய், வட்ட மேட்டின் உள்பக்கமெல்லாம் படிந்தது. யாரோ ஒருத்தி கருவாட்டுக் கூடையைத் தட்டிவிட்ட இடத்தில் விழுந்திருந்த முருங்கை விதை ஒரு மாதத்தில் ஆளுயரம் போய்ப் பூத்தது. அவ்வளவுதான், ஊருக்குக் கிடை உரம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. கூடைகள் வந்தன, பிறகு மாட்டுவண்டிகள், பிறகு டிராக்டர், பிறகு லாரி. அடுத்து வந்த தொலி கரியாக இருந்தது, விளக்குக் கரியைவிட மெலிசான கரி. பெண்கள் அதை விளக்கெண்ணெயில் குழைத்துக் கண்மை பண்ணினார்கள், சுவரில் விளம்பரம் எழுதுகிறவர் டப்பா டப்பாவாக அள்ளிக்கொண்டு போனார், கல்யாணமாகாத பெண்களின் கண் அந்த வருஷம் மாதிரி எந்த வருஷமும் இருந்ததில்லை என்று கல்யாணமான ஆண்கள் சொல்லி வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். நட்சத்திரம் மெலிய மெலிய ஊர் கொழுத்தது. வட்ட மேடு பனை உயரம் ஆனது. ஊர் அதற்குக் கோட்டை என்று பேர் வைத்தது.

லாரி ஏற முடியாத உயரம். அதனால் ஆடி மாதம் சிங்கத்துரை ஜேசிபி கொண்டுவந்து, கோட்டையின் மேற்குப் பக்கத்தில், ஊர் நடுத்தெருவுக்கு நேர் எதிரே, லாரி போகிற அகலத்துக்கு ஒரு வாசல் வெட்டினார். மண் சரியாமல் இருக்க இரண்டு பக்கமும் மூங்கில் தட்டி கொடுத்தார். பாதைக்கு இடைஞ்சலாக இருந்த உடைமுள் காட்டை வேரோடு பிடுங்கிக் கொளுத்தினார். திறப்பு விழாவுக்கு விளைக்காரி என்று சுயம்புக்கனிக்கு மாலை போட்டார்கள். கத்தரிக்கோலைக் கையில் கொடுத்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே ரிப்பனை வெட்டினாள். இதை மறைக்க வேண்டியதில்லை, பிறகு அவளே ஒருபோதும் மறைக்கவில்லை.

ஆவணி பிறந்ததும் நட்சத்திரம் வேறு ஆளாகிவிட்டது. சிவப்பெல்லாம் போய், உப்பலெல்லாம் போய், மாட்டுவண்டி அளவுக்குச் சுருங்கி, வெல்டிங் பொறி மாதிரி நீலமாய்க் கண்ணைக் குத்தியது. மூச்சும் மாறியது. முன்னால் வந்தது சோம்பலான காற்று, கிழவர் கொட்டாவி. இப்போது வந்தது சீறல். துணிக்கொடிகள் அறுந்தன. கருவாட்டுப் பாய்கள் பறந்தன. முன்னே மெதுவாக விட்ட மணலையும் பொடியையும் இந்தப் புதுக் காற்று பின்னாலேயே வந்து நெட்டித் தள்ளி, கோட்டைச் சுவரை இறுக்கி, செங்கல் சூளைச் சுவர் போலக் கெட்டியாக்கியது. வாசல் வெட்டின இடத்தில் மட்டும் தடுக்க ஒன்றும் இல்லை. அங்கே நுழைந்த காற்று நேராக நடுத்தெருவுக்கு வந்து, பத்தொன்பது வீட்டு ஓடுகளையும் தடதடக்க வைத்தது. அந்தப் பத்தொன்பதில் ஒன்று சுயம்புக்கனியின் வீடு.

அவள் மூன்று நாள் கோட்டை உச்சியில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். வழி தவறி உள்ளே போன ஒரு கோழியைக் காற்று தூக்கி எறியவில்லை. மற்றதையெல்லாம் அறுத்து எறிந்த அதே காற்று கோழியை மட்டும் பின்புறத்தில் கைவைத்துத் தள்ளுவது போலத் தள்ளிக்கொண்டு வந்து வெளியே விட்டது. ஓர் ஓணானையும் அப்படியே கொண்டுவந்து விட்டது. நாலாம் நாள் அவள் இறங்கி வீட்டுக்கு வந்து, மைக் வயரைச் சுற்றிக்கொண்டிருந்த தங்கப்பழத்தின் எதிரே குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, கோயில் கொடையில வாணம் விடுதவன் முதல்ல என்ன செய்வான்?"

"கூட்டத்தத் தள்ளி நிக்கச் சொல்லுவான். வட்டம் போடுவான்."

"மரத்தத் தள்ளிச்சி, குடிசையத் தள்ளிச்சி, கோழியக்கூடத் தள்ளிச்சி. தன் உடம்பையே அறுத்து அறுத்துச் சுவரு கெட்டிச்சி. எதுக்கு? நமக்குக் கருவாடு காயப் போடவா?"

தங்கப்பழத்தின் கையில் வயர் நின்றது. "அப்பம் வாசலு?" என்று கேட்டார்.

"அதான். நாம வெட்டுன வாசலு. நானும் சேந்து வெட்டுனது. அது போற அன்னைக்கு, போற போக்கு அத்தனையும் அந்த வாசல் வழியா நம்ம தெருவுக்குத்தான் வரும்" என்றாள் சுயம்புக்கனி. அவளுக்குப் பயமாக இருந்தது. ஐம்பத்து மூன்று வருஷத்தில் அவள் பயந்தது அதுதான் முதல் தடவை, அந்தப் பயமும் உயிருக்கு இல்லை, ஊர் நடுவில் எழுந்து நின்று சொன்ன சொல்லுக்கு.

சிங்கத்துரையிடம் போனாள். அவர் லாரிக்குத் தார்ப்பாய் கட்டுவதை மேற்பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, வாசல அடைக்கணும்."

"எதுக்கு எக்கா?"

சொன்னாள். கேட்டுவிட்டுச் சிரித்தார். "இன்ன தேதியில வெடிக்கேன்னு சீட்டு எழுதிக் குடுத்திச்சா?"

"உமக்கு அறிவு இருக்கும்னு நெனச்சி வந்தேன். என் தப்புதான்."

"கோவப்படாத எக்கா. இந்த மாசம் முச்சூடும் லோடு இருக்கு. ஜேசிபியத் தர ஏலாது."

"ஜேசிபிய யாரு கேட்டா? மணல மம்பட்டியால ஜெயிச்சவன் நம்ம ஊருல உண்டுமா? உம்ம லாரிய வெளிய எடும். அது போதும்." லாரி அன்று வெளியே போகவில்லை. மறுநாள் காற்று அதைச் சக்கரம் உருளாமல் தள்ளி ரோட்டில் கொண்டுவந்து நிறுத்திய பிறகு டிரைவர் சாவியைக் கொடுத்துவிட்டுத் தன் ஊருக்குப் போய்விட்டான்.

தேரியில் மணலைத் தடுக்கிற விதம் ஒன்றுதான். அள்ளிப் போடுவதில்லை, அள்ளிப் போட்ட மணல் அடுத்த காற்றில் எழுந்து போய்விடும். பச்சைக் கொப்பை இலையோடு வெட்டி, தலைமாடு கால்மாடாகக் குறுக்கே அடுக்கிவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொள்ள வேண்டும். காற்று மணலைக் கொண்டுவரும், இலை அதைப் பிடித்துவைக்கும், கொப்பு மூடியதும் மேலே இன்னொரு வரிசை. ஊரின் ஒவ்வொரு வீடும் ஆனி மாதம் இப்படித்தான் தன் வாசலைக் காப்பாற்றிக்கொள்கிறது. அதற்கு எப்போதும் உடைமுள்தான் வெட்டுவார்கள். உடைமுள்ளையெல்லாம் பாதைக்காகப் பிடுங்கிக் கொளுத்தியாகிவிட்டது. காய்ந்த ஓலை அந்த நீலச் சூட்டில் பற்றிக்கொள்ளும். பனை உயர வாசலை அடைக்கிற அளவுக்குப் பச்சை என்று கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்தது, மேட்டடியில் வட்டமாக நின்ற கொல்லாமரங்கள் மட்டும்தான்.

விடிந்ததும் அரிவாளோடு போனாள். முதல் மரம் வடகிழக்கு மூலையில் நட்டது, அவள் தன் கையால் வைத்த முதல் கன்று. அதன் மேல் கை வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். தங்கப்பழம் அவளுக்குப் பின்னால் நின்றார்.

"நான் வெட்டட்டா?" என்று கேட்டார்.

"வேண்டாம். நட்டது நான்" என்றாள். வெட்டினாள். பால் வடிந்து கையெல்லாம் அரித்தது. அழுகை வந்தது, அதை அடக்க அவள் முயலவும் இல்லை. அழுதுகொண்டே வெட்டினாள், மூக்கைச் சிந்திக்கொண்டு வெட்டினாள், பதினெட்டாவது மரத்தில் அழுகை நின்றது, அரிவாள் நிற்கவில்லை.

தங்கப்பழம் வீட்டுக்கு ஓடினார். வீட்டுக் கம்பத்தில் கட்டியிருந்த குழாய் இரண்டும் கரகரத்தன. முப்பது வருஷம் அடுத்தவர் பாட்டையும் அடுத்தவர் பேச்சையும் ஒலிபரப்பிய அந்தக் குழாய்களில் முதல் தடவையாக அவர் குரல் வந்தது. "நடுத்தெரு ஆட்கள் கவனிக்கவும். சுயம்புக்கனி தன் மரத்த வெட்டுதா. நமக்காக வெட்டுதா. கைகால் உள்ளவங்க வரவும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நன்றி" என்றார்.

முதலில் ஜெபமலர் வந்தாள். பிறகு மீன்காரப் பெண்கள் வந்தார்கள், பிறகு நடுத்தெரு, பிறகு நடுத்தெருவோடு பேச்சுவார்த்தை இல்லாத கீழத்தெரு. சிங்கத்துரை மத்தியானம் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், தோளில் கோடாலி இருந்தது, மைக் குரல் இல்லை. "எக்கா, எங்க போடணும்?" என்று மட்டும் கேட்டார். வாய் வரை வந்த நாலு வார்த்தையைச் சுயம்புக்கனி முழுங்கிவிட்டு இடத்தைக் காட்டினாள்.

மூன்று நாளும் வெட்டிக்கொண்டே அடுக்கினார்கள். ஒரு வரிசை போட்டுவிட்டு எல்லோரும் ஒதுங்கினால், சீறல் காற்று செம்மணலையும் சாம்பலையும் கரியையும் அடித்துக்கொண்டு வந்து கொப்புக்குள் செருகும். கண் மூடித் திறப்பதற்குள் வரிசை மூடும். மேலே அடுத்த வரிசை. உள்ளே நட்சத்திரம் நடுங்கிக்கொண்டிருந்தது. நீலம் வெள்ளையானது, வெள்ளைக்குள் என்னவோ திணறியது. தும்மலை அடக்கிக்கொண்டு நிற்கிற ஆளை எல்லோரும் பார்த்திருப்பார்கள், அந்த மாதிரி அது அடக்கிக்கொண்டு நின்றது என்பதில் அங்கே வேலை செய்த ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. "பொறும் பெரியவரே, பொறும். இன்னும் கொஞ்சந்தான்" என்று சுயம்புக்கனி ஒவ்வொரு வரிசைக்கும் கத்திச் சொன்னாள், அதுவும் ஒவ்வொரு வரிசைக்கும் பொறுத்தது.

மூன்றாம் நாள் முற்பகலில் இருநூற்றுப் பன்னிரண்டாவது மரம் தீர்ந்தது. வாசல் உச்சியில் இன்னும் ஓர் ஆள் உயரம் திறந்து கிடந்தது. வெட்ட வேறு பச்சை இல்லை. பிறகு நடுத்தெருக்காரர்கள் திரும்பி வீட்டுக்கு நடந்தார்கள். நடந்தவர்கள் ஓடி வந்தார்கள். கட்டில் வந்தது, கதவு வந்தது, நனைத்த சாக்கும் ஈரப் போர்வையும் வந்தன, கல்யாணத்துக்கு எடுத்து வைத்திருந்த ஜமக்காளம் வந்தது. சிங்கத்துரை பஞ்சாயத்து ஆபீஸ் மேஜையைத் தனியாளாகத் தூக்கிக்கொண்டு வந்தார். தங்கப்பழம் கடைசியாக ஏறி, தன் இரண்டு குழாய்களையும் வாய் உள்பக்கம் பார்க்க இடுக்கில் செருகினார். எல்லாவற்றின் மேலும் நட்சத்திரம் தன்னிடம் மிச்சமிருந்த ஒரே தொலியை மொத்தமாக உரித்து வீசியது. அது துருவின் வாசனையோடு வந்து குழாய் வாயை நிரப்பி, மேஜையை மூடி, உச்சியில் ஒரு முழம் கூடுதலாகவே குவிந்தது.

சுயம்புக்கனி மேலே ஏறினாள். வேண்டாம் என்று பத்துப் பேர் கத்தினார்கள். உச்சியில் நின்று உள்ளே பார்த்தாள். வெறும் தரை நடுவில், மேல்துணி ஒன்றும் இல்லாமல், ஒரு பூசணிக்காய் அளவுக்கு, பார்க்க முடியாத வெளிச்சமாய் அது நின்றது. ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு நின்றது. அவள் முந்தானையால் கண்ணை மறைத்துக்கொண்டாள்.

"வழி அடைச்சாச்சி, பெரியவரே" என்றாள். திரும்பவும் சத்தமாகச் சொன்னாள். "நல்லா அடைச்சாச்சி. இனி நீரு போவலாம்."

இறங்கி வந்து, அடைத்த வாசலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். போய்விடு என்று சொன்னவர்களை, "என் பொறுப்பு, நான் இங்கதான் இருப்பேன்" என்று விரட்டினாள். தங்கப்பழம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அப்புறம் யாரும் போகவில்லை. ஊரே கோட்டைச் சுவரில் முதுகு வைத்து வரிசையாக உட்கார்ந்தது, சர்க்கஸ் பார்க்க வந்தவர்கள் திரும்பி உட்கார்ந்த மாதிரி.

உச்சி வேளைக்கு மேல் இன்னோர் உச்சி வேளை வந்தது. தலைக்கு மேலே வானம் வெள்ளையாகி, சூரியன் அதில் ஓர் அழுக்குப் பொட்டாகத் தெரிந்தது. சத்தம் காதுக்கு வரவில்லை. பல்லுக்கும் எலும்புக்கும் வந்தது. உள்ளே இருந்து வந்தது அத்தனையும் சுவரில் மோதியது. தான் ஆறு மாதமாக உரித்து உரித்து வைத்த தொலியில் தானே வந்து மோதியது. மோதின இடமெல்லாம் சுவர் உள்பக்கமாகக் கனன்று, அந்தக் கனல் மணல் மணலாக ஊறி வந்து முதுகில் சுட்டது. சுவர் நகர்ந்தது. உட்கார்ந்திருந்த ஊர் முழுவதையும், பஸ் சீட்டில் பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்வது போல, ஒரு சாண் முன்னால் தள்ளியது. சுயம்புக்கனி குதிகாலை மண்ணில் ஊன்றி முதுகால் எதிர்த்துத் தள்ளினாள். பனை உயரச் சுவரை ஒரு பெண் முதுகால் நிறுத்தினாள் என்று யாரும் சொல்லப்போவதில்லை, ஆனால் அவள் தள்ளினாள். சுவர் நின்றது.

வெளிச்சம் அடங்கி, வானம் பழைய நிறத்துக்கு வந்தது. பிறகு நடுத்தெருவில் ஒரு சேவல், விடிந்துவிட்டது என்று நினைத்துக் கூவியது. ஜெபமலர் எழுந்து வரிசை நெடுக நடந்து எல்லோருடைய முதுகையும் பார்த்தாள். சிவந்திருந்தது, ஒரு கொப்புளம்கூட இல்லை. சுயம்புக்கனி மண்ணைத் தட்டாமல் உட்கார்ந்தபடியே அழுதாள். மரத்துக்கு அழுதாள், போன பெரியவருக்கு அழுதாள், சொன்ன சொல் நின்றதற்கும் சேர்த்து அழுதாள், தங்கப்பழம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவர் பங்குக்கு அழுதார்.

சிங்கத்துரை மேலே பார்த்தார். கோட்டை உச்சி முழுவதும், அடுப்பில் இருந்து எடுத்த கரண்டி விளிம்பு போலச் சிவந்து மினுங்கியது. உள்ளே பேச்சு மூச்சு இல்லை. முதன்முறையாக அந்தப் பக்கத்தில் இருந்து காற்றே வரவில்லை.

"எக்கா, இப்பம் உள்ள என்னதான் இருக்கும்?" என்று கேட்டார்.

சுயம்புக்கனி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"என் விளை இருக்கும்" என்றாள்.